தாத்தா கடையில் பேரப்பிள்ளை: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

தாத்தாவும் ஆயாவும் நடத்தும் தெருமுனை மளிகைக் கடையில் பேரப்பிள்ளை கூடமாட நிற்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, ஆற்காடு என்று பழைய வட ஆர்க்காட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கடைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டு முன்அறைதான் கடை. பின்னால் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். குடியாத்தத்தில் என் பெற்றோர் நடத்துவதும் அப்படி ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறையிலிருந்து என் மகள் அங்கே போய் நிற்கிறாள்.

வயதானவர்களுக்குக் கடையில் கஷ்டமாக இருப்பது வியாபாரம் அல்ல. நாற்பது வருடமாகச் செய்த வியாபாரம் அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். கஷ்டம் கண்ணிலும் முழங்காலிலும்தான். பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் தேதி தெரியாது. கீழ்த்தட்டில் இருக்கும் சோப்பை எடுக்கக் குனிந்தால் நிமிர நேரமாகும். போனில் வரும் செய்தி புரியாது. பிள்ளை செய்யவேண்டியது அந்த வேலைகளை. எதை வாங்கி வைப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன விலைக்கு விற்பது என்ற முடிவெல்லாம் அவர்களிடமே இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்தப் பிரிவினையை வைத்துத்தான்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

பிள்ளையைக் கடைக்கு அனுப்புமுன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்பது பொது விதி. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலோ விடுமுறையிலோ உதவலாம் என்பது விலக்கு. அந்த உதவிக்கும் 2017-இல் வந்த விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. பெரியவர் ஒருவர் செய்யவேண்டிய வேலைக்குப் பதிலாளாகப் பிள்ளையை வைக்கக்கூடாது. படிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் 'குடும்பம்' என்பதற்கு அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் விளக்கம் இருக்கிறது. தாத்தா பாட்டி அந்த வரியில் இல்லை. அதனால் கடையில் உங்களுக்கும் பங்கும் பொறுப்பும் இருப்பது அவசியம். 'பாட்டி வீட்டில் விட்டுவிட்டேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடாக இதை வைக்காதீர்கள்.

மளிகைக் கடையில் கூட்டம் வருவதே காலை 6 முதல் 8 வரை, பிறகு இரவு 7 முதல் 9 வரை. இட்லிக்கு உளுந்து, டீக்குச் சர்க்கரை, ராத்திரிக் குழம்புக்குப் புளி என்று அவசரமாக வருவார்கள். அந்த இரண்டு நேரத்திலும் பிள்ளை கடையில் இருக்கக்கூடாது. பள்ளி நாட்களில் மாலை ஐந்திலிருந்து ஆறு, ஆறரை வரை போதும். விடுமுறையில் காலை 9 முதல் 11 வரை நல்ல நேரம். கூட்டம் குறைவு, தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இருக்கும். எந்த நாள், எந்த நேரம் என்று பேசி நாள்காட்டியிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், 'கண்ணு, ஒரு நிமிசம் பாத்துக்கோ, இதோ வந்துட்றேன்' என்ற ஒரு வார்த்தையில் ஒரு மணி நேரம் போய்விடும்.

பிள்ளை தொடக்கூடாதவை

பீடி, சிகரெட், புகையிலை இருக்கும் டப்பாவில் பிள்ளையின் கை படவே கூடாது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் அதன் விதிகளும் 18 வயது ஆகாதவருக்கு விற்பதையும், 18 வயது ஆகாதவர் விற்பதையும் தடுக்கின்றன. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவோ, குழந்தையிடம் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் கடை இருந்தால் யாருமே அதை விற்கக்கூடாது. எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. பிள்ளைக்கு பீடிக்கட்டு புதிய பொருளே அல்ல. அதனால்தான் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: யாராவது பீடி கேட்டால் பிள்ளை சொல்லவேண்டியது 'தாத்தாவக் கேளுங்க' என்பது மட்டும். என் விருப்பத்தைக் கேட்டால், பேரப்பிள்ளை வந்து நிற்கிற கடையில் அந்த டப்பாவே வேண்டாம். அந்த வருமானம் போனால் கடை படுத்துவிடாது.

கழிவறை ஆசிட், எலி மருந்து, பட்டாசு, மண்ணெண்ணெய் ஆகியவற்றையும் பெரியவர்தான் எடுத்துத்தர வேண்டும். 25 கிலோ மூட்டையைத் தூக்கவோ இழுக்கவோ விடாதீர்கள். ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டைத் துழாவ வேண்டாம். மேல்தட்டில் அடிக்கடி விற்கும் பொருள் இருந்தால் அடுக்கை மாற்றுங்கள். சாக்குத் தையலைப் பிரிக்கும் கத்தி தாத்தாவின் கையில் இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைத் தனியாகக் கடையில் விட்டுப் போகக்கூடாது. தாத்தா மருந்து வாங்கப் போகிறார், ஆயா குளிக்கிறார் என்றால் பாதிக் கதவை இழுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் காத்திருப்பார்.

முதல் வாரம்: பொருளைப் பழகுவது

முதல் வாரம் விற்பனையே வேண்டாம். சரக்கைப் பழகட்டும். சீரகம், சோம்பு, ஓமம் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கடலைப்பருப்பையும் துவரம்பருப்பையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பச்சரிசி எது, இட்லி அரிசி எது என்று கையில் உருட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். ஆயாக்கள் இதைச் சொல்லித் தருவதில் கெட்டிக்காரர்கள். கூடவே எந்தப் பருப்பு சீக்கிரம் வேகும், எந்தப் புளி கறுக்கும் என்ற செய்தியும் வரும். வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான்.

அடுத்தது தேதி பார்ப்பது. இதுதான் பிள்ளை கடைக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. பிஸ்கட், மாவு, மசாலா, சேமியா, ஷாம்பு சரம் எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் பேக் செய்த மாதம் இருக்கும். சில பாக்கெட்டில் காலாவதித் தேதி நேராக இருக்காது. 'பேக் செய்ததிலிருந்து 6 மாதம்' என்று மட்டும் இருக்கும். ஜனவரியில் பேக் செய்தது ஜூலையோடு சரி என்ற கணக்கைப் பிள்ளை போட வேண்டும். வாரத்துக்கு ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டால் போதும். ஒரு மாதத்துக்குள் முடியப்போகிற பாக்கெட்டை முன்வரிசைக்குக் கொண்டுவரட்டும். முடிந்துபோனதைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு, பொருள், எண்ணிக்கை, எந்தக் கம்பெனி என்று ஒரு தாளில் எழுதட்டும். லைன் வேனில் வரும் சேல்ஸ்மேனிடம் அந்தத் தாளோடு பெட்டியைக் காட்டினால் மாற்றிக் கேட்க வசதி. தாள் இல்லாமல் வாய்வார்த்தையாகக் கேட்டால் 'அடுத்த வாரம் பாக்கலாம் தாத்தா' என்று போய்விடுவார்கள்.

புதுச் சரக்கு வந்தால் பின்னால் அடுக்க வேண்டும், பழையது முன்னால் வர வேண்டும். அவசரத்தில் பெரியவர்கள் குனிய முடியாமல் முன்னாலேயே வைத்துவிடுவார்கள். இந்தக் குனிகிற வேலை முழுக்கப் பிள்ளையுடையது. ரவையிலும் மைதாவிலும் வண்டு இருக்கிறதா, பருப்பு டப்பாவின் அடியில் பொடி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லட்டும். தூக்கிப்போடுவதா, வெயிலில் காயவைப்பதா என்பதை ஆயா முடிவு செய்வார்.

எடை போடுவது

எலக்ட்ரானிக் தராசில் மூன்று பழக்கம் வேண்டும். பொருள் வைக்குமுன் சுழியம் காட்டுகிறதா என்று பார்ப்பது. பாத்திரமோ டப்பாவோ வைத்தால் 'டேர்' பொத்தானை அழுத்தி அதன் எடையைக் கழிப்பது. எண் நின்ற பிறகுதான் படிப்பது. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றினால் சின்ன எடையில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். 50 கிராம் மிளகு போடும்போது விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். எண் வாடிக்கையாளருக்கும் தெரியும்படி தராசு திரும்பியிருக்கட்டும்.

கல்தராசு இன்னும் இருக்கும் கடையானால் கற்களைச் சேர்க்கும் கணக்கைப் பழக்குங்கள். முக்கால் கிலோவுக்கு 500, 200, 50. 350 கிராமுக்கு 200, 100, 50. நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புரியாத கூட்டல்கூட இங்கே புரியும்.

தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பிள்ளைக்குக் காட்டுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. முத்திரை முடியும் மாதத்தை நாள்காட்டியில் வட்டமிடுவது பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

பொட்டலம் மடிப்பதை ஆயாவிடம்தான் கற்க வேண்டும். சதுரத் தாளை மூலைவாட்டமாக வைத்து, கூம்பாகச் சுற்றி, கீழ்முனையை மடித்து, சரக்கைக் கொட்டி, வாயை உள்ளே தள்ளி நூல் சுற்றுவது. தாள் மட்டும் செய்தித்தாளாக இருக்க வேண்டாம். அச்சு மை உணவில் சேரும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடுக்கின்றன. பழுப்புத் தாள் கட்டாக வாங்கலாம். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 'பை கொண்டாந்தீங்களாக்கா?' என்று பிள்ளை கேட்டால் யாருக்கும் கோபம் வராது. அதே கேள்வியைத் தாத்தா கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள்.

விலையும் சில்லறையும்

இரண்டு விதமாக வாங்குவார்கள். ஒன்று எடை சொல்லி, இன்னொன்று காசு சொல்லி. எடை சொன்னால் கணக்கு எளிது. பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் 14, கால் கிலோ 35, அரைக் கிலோ 70. 'இருவது ரூவாக்கி பருப்பு குடு கண்ணு' என்றால்தான் பிள்ளை திணறும். 20-ஐ 140-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 143 கிராம் வரும். ஒவ்வொரு முறையும் வகுக்க முடியாது. அதனால் அதிகம் விற்கும் பத்துப் பொருளுக்கு 10, 20, 50 ரூபாய்க்கு எத்தனை கிராம் என்று ஒரு அட்டையில் எழுதித் தராசின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். விலை மாறும்போது அட்டையை மாற்றி எழுதுவதும் பிள்ளையே. அந்த அட்டையைத் தயாரிக்கிற அரைமணி நேரம் நல்ல கணக்குப் பாடம். எழுத்து பெரிதாக இருந்தால் தாத்தாவுக்கும் உதவும்.

அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது என்பதையும், 'குளிர்வித்த காசு' என்று குளிர்பானத்துக்குக் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மீதி கொடுக்கும்போது கழித்துப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் பழக்குங்கள். சாமான் 87 ரூபாய், கொடுத்தது 200. 'எம்பத்தேழு, இந்தா மூணு, தொண்ணூறு. பத்து, நூறு. இந்தா நூறு, இருநூறு' என்று வாய்விட்டுச் சொல்லிக் கையில் வைக்க வேண்டும். சொல்லும்போதே வாடிக்கையாளரும் கூடவே எண்ணிவிடுவார். அவர் கொடுத்த நோட்டை உடனே கல்லாவுக்குள் போடக்கூடாது. மீதி கொடுத்து முடிக்கும்வரை கல்லா மூடியின் மேலே வெளியில் இருக்க வேண்டும். 'நான் ஐந்நூறு கொடுத்தேனே' என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. சாயங்கால வெளிச்சத்தில் 20 ரூபாய் நோட்டும் 200 ரூபாய் நோட்டும் மஞ்சளாகவே தெரியும். எண்ணைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவையுங்கள். அறிமுகமில்லாத ஆள் 500 கொடுத்து ஐந்து ரூபாய்க்குப் பொருள் வாங்குவார். மீதியை எண்ணும்போதே 'வேணாம், சில்லறை இருக்கு, அந்த ஐந்நூற குடு, இல்ல இந்த நூறையும் சேத்து வச்சிக்கோ' என்று குழப்புவார். பிள்ளை செய்யவேண்டியது ஒன்றுதான்: கையை எடுத்துவிட்டு 'தாத்தா!' என்று கூப்பிடுவது.

பத்து ரூபாய் நாணயம் எங்கள் பக்கம் பெரிய தலைவலி. 'இது ஓடாது' என்று பல கடைகளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி, 14 வடிவங்களில் வந்த எல்லாப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 12 பக்கம் கொண்ட 20 ரூபாய் நாணயமும் செல்லும். உங்கள் கடையில் வாங்குங்கள். வாங்குகிற கடை என்று பெயர் வந்தால், சில்லறைக்கு அலைகிற பாடு தாத்தாவுக்குக் குறையும்.

போனில் வரும் பணம்

இந்த விஷயத்தில் பிள்ளைக்குத் தெரிந்த அளவு தாத்தா ஆயாவுக்குத் தெரியாது. அதனாலேயே இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டியிலிருந்து தொகை சத்தமாக வந்த பிறகுதான் சாமான் கைமாற வேண்டும். வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்பவே கூடாது. அப்படிப் படம் காட்டி ஏமாற்றும் செயலிகள் இருக்கின்றன. பெட்டி பேசவில்லை என்றால் நம் போனில் கணக்கைப் பார்க்க வேண்டும். நெட்வொர்க் இல்லாவிட்டால், தெரிந்த முகமாக இருந்தால் தாத்தா பார்த்துக்கொள்வார்.

பணம் வாங்குவதற்கு 'பின்' (PIN) என்கிற ரகசிய எண் தேவையே இல்லை. அனுப்பத்தான் தேவை. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போடுங்க' என்று யார் போனில் சொன்னாலும் அது திருட்டு. இதை ஆயாவுக்குப் பிள்ளையே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். மகளோ மருமகனோ சொல்வதைவிடப் பேத்தி சொன்னால் நன்றாக மனதில் நிற்கிறது. ஆனால் பிள்ளைக்கு அந்தப் பின் எண் தெரிந்திருக்கக் கூடாது. தாத்தா மறந்துவிடுவார் என்று பேரனிடம் சொல்லிவைப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தச் சுமை சின்னப் பிள்ளைமேல் வேண்டாம்.

காலையில் கடைக்கு வந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கட்டும்.

பாக்கி நோட்டு

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் கைவேலை, இது மனிதர்களைப் பற்றியது.

நெசவு, பீடி, தோல், கட்டட வேலை என்று வாரக் கூலி வாங்கும் வீடுகள் இந்தப் பக்கம் அதிகம். நடுவாரத்தில் காசு இருக்காது. சனிக்கிழமை வந்தால் கொடுப்பார்கள். இந்த இடைவெளியைத் தாங்கித்தான் தெருக்கடை உயிரோடு இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் யாரும் 'சனிக்கிழம தரேன் ஆயா' என்று சொல்ல முடியாது. அந்தப் பாக்கியெல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருக்கும். தாத்தாவின் கையெழுத்து வயதானபின் கோணலாகி, 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். அதனால் எழுதும் வேலை பேரப்பிள்ளைக்கு வரும்.

எழுதுவதற்கு நான்கு கட்டம் போதும்: தேதி, என்ன வாங்கினார், எவ்வளவு, இதுவரை மொத்தம். கடன் வாங்கியவர் நிற்கும்போதே எழுதி, தொகையை அவருக்குக் காட்ட வேண்டும். பணம் வந்தால் பழைய வரியை அடித்துவிடாமல் புதிய வரியில் 'வரவு' என்று எழுத வேண்டும். அடித்து எழுதிய நோட்டில்தான் சண்டை வரும்.

யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு வரைக்கும் என்பது பிள்ளையின் வேலை அல்ல. 'எழுதிக்கோ கண்ணு' என்று யார் சொன்னாலும் பிள்ளை ஆயாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆயா தலையசைத்தால் எழுதலாம். எங்கள் அம்மா ஒரு வீட்டுக்கு ஆயிரம் தாண்டியும் கொடுப்பார், இன்னொரு வீட்டுக்கு ஐம்பதுக்கே யோசிப்பார். காரணம் கேட்டால் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கூலி குடிக்குப் போகிறது, யார் தறி நின்றிருக்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். அது எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: நோட்டில் இருப்பது வெளியே போகக்கூடாது. அதில் பிள்ளையோடு படிக்கும் தோழியின் வீடும் இருக்கும், டியூஷன் அக்காவின் வீடும் இருக்கும். பள்ளியில் சண்டை வரும்போது 'உங்க வீட்லதான் எங்க கடைக்கு பாக்கி' என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால், அந்தத் தோழியின் அம்மா பிறகு அந்தக் கடை வாசலுக்கு வரமாட்டார். அந்தக் குழந்தை என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் நோட்டைத் தொடுமுன் பிள்ளையிடம் இதைத் தனியாக, நேராக, உதாரணத்தோடு பேசுங்கள். அதைக் காக்கிற பக்குவம் இன்னும் வரவில்லை என்று தோன்றினால் நோட்டைக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் கழித்துக் கொடுக்கலாம். கடையிலும் பாக்கியைச் சத்தமாகப் படிக்கக்கூடாது. நாலு பேர் நிற்கும்போது யாராவது 'எம்மா ஆச்சி?' என்று கேட்டால் நோட்டை அவர் பக்கம் திருப்பி விரலால் காட்ட வேண்டும். பாக்கி வசூலிக்கப் பிள்ளையை யார் வீட்டுக்கும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வருகிறவர்களிடம் பேசுவது

பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் கடைகளில் கிடையாது. அக்கா, அண்ணா, அத்த, பெரிம்மா, பாய், தாத்தா என்று முறை சொல்லித்தான். புதியவரானாலும் 'இன்னா வேணும்க்கா?' என்று கேட்டால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் முதலில் வந்தவருக்குத்தான் முதலில். குழந்தை காசைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குக் கீழே நின்றால் பெரியவர்கள் கண்ணில் படாது. பேரப்பிள்ளையின் கண்ணில் படும்.

ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு பேசுபவர்களும், ஊருக்குள் உருது பேசுபவர்களும் வருவார்கள். எண்களை மட்டும் பழகினால் பாதி வேலை முடியும். தெலுங்கில் இருபதுக்கு 'இரவை', ஐம்பதுக்கு 'யாபை', நூறுக்கு 'வந்த'. உருதுவில் 'பீஸ்', 'பச்சாஸ்', 'சௌ'. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கு வங்காள எண்களும் தேவைப்படும். நோயாளியோடு தொலைவிலிருந்து வந்து அறை எடுத்துச் சமைக்கும் குடும்பங்கள் அங்கே அதிகம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை பொறுமையாகப் பொருளைத் தொட்டுக் காட்டி விலையை எழுதிக் காட்டினால் அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கடைக்கென்று சில வழக்கங்கள் இருக்கும். காலை முதல் போணி கடனாகப் போகக்கூடாது என்பார் தாத்தா. விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டால் ஆயா கொடுக்கமாட்டார். பிள்ளை 'ஏன்' என்று தாராளமாகக் கேட்கலாம். வாடிக்கையாளர் போன பிறகு கேட்க வேண்டும்.

பண்டிகையும் வெயிலும்

ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளுக்கு முன் கேழ்வரகு மாவும் நொய்யும் பறக்கும். ரம்ஜான் மாதத்தில் கடலை மாவு, பேரீச்சை, சேமியா. ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சந்தனம். அன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைப்பதைப் பிள்ளையிடம் கொடுங்கள். பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும். எந்த வாரம் எது தீர்ந்துபோனது என்று பிள்ளை ஒரு பழைய டைரியில் எழுதிவந்தால், அடுத்த வருடம் வேலூர் மண்டித் தெருவுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது தாத்தாவுக்குப் பயன்படும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம் வரும் நாளில் கற்பூரம், தேங்காய் வியாபாரம் எவ்வளவு நடந்தாலும் பிள்ளை கடையில் நிற்க வேண்டாம். சிரசு பார்க்கப் போகட்டும்.

கத்திரி வெயில் காலத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தகர ஷீட் போட்ட கடையானால் பகல் 12 முதல் 4 வரை பிள்ளை உள்ளே இருக்கக்கூடாது. தாத்தாவும் கடையை அடைத்துவிட்டுப் படுக்கலாம். பிள்ளை சொன்னால் அவர் கேட்பார்.

தாத்தாவைத் திருத்துவது எப்படி

கணக்கில் தாத்தா தவறினால் என்ன செய்வது? மனக்கணக்கில் புலியாக இருந்தவர் எழுபதைத் தாண்டும்போது அங்கங்கே தவறுவார். அதை வாடிக்கையாளர் முன்னால் 'தாத்தா, தப்பு' என்று பிள்ளை சொல்லக்கூடாது. கடையில் அவருக்கு இருக்கும் மரியாதைதான் அவர் தினமும் எழுந்து வந்து கதவைத் திறப்பதற்குக் காரணம். 'தாத்தா, நானும் ஒருவாட்டி கூட்டிப் பாக்கட்டா?' என்று கேட்கப் பழக்குங்கள். இதைக் கேட்டால் எந்தத் தாத்தாவும் சீட்டைத் தருவார். கூட்டிவிட்டு, தொகையைச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் சொல்வது அவராக இருக்கட்டும்.

தவறுகள் அடிக்கடி வந்தால், தெரிந்த ஆளின் பெயரே மறந்தால், அதைப் பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். அது புகார் ஆகாது என்று முன்பே சொல்லிவையுங்கள். மருத்துவரிடம் காட்டவேண்டிய நேரத்தை முதலில் கவனிப்பது பல வீடுகளில் பேரப்பிள்ளைதான்.

காசு, மிட்டாய், நிறுத்துவது

நாள் கூலி கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது வேலையாகிவிடும். பண்டிகைக்கோ பிறந்த நாளுக்கோ தாத்தா கொடுப்பதைச் சேமிப்பில் போடலாம். 10 வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம். கடையில் எடுத்துத் தின்னும் மிட்டாயையும் பிஸ்கட்டையும் ஒரு சீட்டில் எழுதட்டும். காசு கொடுக்க வேண்டியதில்லை, எழுதினால் போதும். சரக்குக் கணக்கு இடிக்காது, பல்லுக்கும் நல்லது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு வரும்போது, அல்லது அதற்கு முன்பே 'இனி வரமாட்டேன்' என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் திடீரென்று நிறுத்தாமல் ஒரு மாதம் முன்பே மாற்று ஏற்பாடு செய்யுங்கள். உதிரியாக விற்கும் பருப்பை அரைக்கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக மண்டியிலேயே வாங்கினால் எடை போடும் வேலை குறையும். கீழ்த்தட்டைக் காலி செய்து இடுப்பு உயரத்துக்கு மேல் அடுக்குங்கள். விலை அட்டையைப் பெரிய எழுத்தில் புதிதாக எழுதி வையுங்கள். தேதி பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய் உட்காருங்கள். பாக்கி நோட்டின் கடைசி மொத்தங்களைப் பிள்ளையும் ஆயாவும் சேர்ந்து புதிய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பழையதைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.